இந்த போன் எத்தனை வருஷம் ஓடும்?

வணக்கம். இன்றைக்கு அன்பாக்சிங் கிடையாது. கையில் இருக்கிற இந்த போனை கேமராவுக்குக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். பின்மூடி ஓரத்தில் மெல்லிய இடைவெளி தெரிகிறதா? உள்ளே பேட்டரி உப்பி, மூடியைத் தள்ளிக்கொண்டு வருகிறது. போனை அணைத்துத்தான் வைத்திருக்கிறேன். உங்கள் போன் இப்படி ஆனால் சார்ஜ் போடாதீர்கள், அமுக்கியும் பார்க்காதீர்கள். தீப்பிடிக்கும் ஆபத்து உண்டு.

இதை வாங்கி மூன்று வருஷம்தான் ஆகிறது. ஸ்கிரீனில் ஒரு கீறல் இல்லை. போன வாரம் வரை கேமரா நன்றாகவே எடுத்தது. சர்வீஸ் சென்டருக்குக் கொண்டுபோனால், "இந்த மாடலுக்கு பேட்டரி இப்போது வருவதில்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். எனக்குக் கோபம் வந்தது. இரண்டு நாள் ஆகியும் அது தணியவில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

லித்தியம் அயான் பேட்டரி தேய்ந்துபோகிற பொருள். சார்ஜ் ஏறி இறங்க இறங்க, உள்ளே இருக்கும் லித்தியத்தில் கொஞ்சம் கொஞ்சமாக மின்வாயின் மேல் படலமாகப் படிந்துவிடுகிறது, திரும்ப வேலைக்கு வருவதில்லை. சூடு பட்டால் இது இன்னும் வேகமாக நடக்கும். இது எல்லா கம்பெனிக்கும் தெரியும். சுவர்க்கடிகாரத்தில் செல் தீர்ந்தால் செல்லைத்தானே மாற்றுகிறோம்? போனில் மட்டும் ஏன் பசை போட்டு ஒட்டி வைக்கிறார்கள்?

கேட்டால் "தண்ணீர் புகாமல் இருக்க" என்பார்கள். சரி, 2014-இல் வந்த சாம்சங் கேலக்ஸி எஸ்5-ஐ எடுத்துக்கொள்வோம். பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து பேட்டரியைக் கழற்றலாம். அதே போனுக்கு ஐபி67 தரச்சான்றும் இருந்தது, அதாவது ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி நேரம் தாங்கும். அடுத்த வருஷம் எஸ்6 வந்தது. கண்ணாடி முதுகு, ஒட்டப்பட்ட பேட்டரி. ஆனால் அந்த ஐபி67 இல்லை! ஆக, ஒட்டியது அழகுக்காகவும் மெலிவுக்காகவும்தான் என்பது என் கருத்து. இன்றைக்குத் தண்ணீர் புகாத தரம் பெரும்பாலான விலையுயர்ந்த போன்களில் இருக்கிறது, மறுக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத் தர முடியாது என்று சொல்வதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

அப்புறம் இந்த மெலிவு மோகம். 2025-இல் வந்த கேலக்ஸி எஸ்25 எட்ஜின் தடிமன் 5.8 மில்லிமீட்டர், பேட்டரி 3900 எம்ஏஎச் (பேட்டரி எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்பதற்கான அளவு). அதே 6.7 அங்குலத் திரை கொண்ட எஸ்25 பிளஸில் 4900. ஒன்றரை மில்லிமீட்டர் மெலிவுக்காக ஆயிரம் எம்ஏஎச் போய்விட்டது. கையில் பிடிக்க அருமையாக இருக்கும், சந்தேகமில்லை. ஆனால் சின்ன பேட்டரியை அடிக்கடி சார்ஜ் போட வேண்டும், அடிக்கடி போட்டால் சீக்கிரம் தேயும். இரண்டாவது வருஷத்தில் அந்த மெலிவை யார் ரசிக்கப் போகிறார்கள்?

ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு வசதிகளுக்காகப் புது போன் வாங்கலாமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். மொழிபெயர்ப்பு, பேச்சை எழுத்தாக்குவது இதெல்லாம் எனக்கு நிஜமாகவே உதவுகிறது. ஆனால் பல வசதிகள் போனில் ஓடாமல், தூரத்தில் இருக்கும் கம்பெனியின் கணினியில், அதாவது சர்வரில்தான் ஓடுகின்றன. அதற்காக மட்டும் போன் மாற்ற வேண்டாம்.

சர்வர் என்றதும் இன்னொன்று. ஹியூமேன் என்கிற கம்பெனியின் ஏஐ பின், சட்டையில் குத்திக்கொண்டு பேசிக் கேள்வி கேட்கும் கருவி, 2024 ஏப்ரலில் வந்தது. 2025 பிப்ரவரி 28-இல் சர்வரை நிறுத்திவிட்டார்கள். பத்து மாதம்தான்! பேட்டரி எவ்வளவு மிச்சம் என்று காட்டுவது போன்ற சில்லறை வேலைகள் தவிர அது எதற்கும் ஆகவில்லை. பாட்டு கேட்கும் ஆப்பான ஸ்பாட்டிஃபை, காரில் பாட்டு போட விற்ற கார் திங் கருவியும் 2024 டிசம்பரில் அப்படித்தான் நின்றது. பழுதே இல்லாத பொருள், காசு கொடுத்து வாங்கியவர் கையில் இருக்கும்போதே செத்துப்போகிறது. இதைப் பார்க்க எனக்கு மனசு தாங்கவில்லை.

நல்ல மாற்றமும் நடக்கிறது, அதையும் சொல்ல வேண்டும். 2023-இல் தன் பிக்சல் 8 போனுக்கு ஏழு வருஷ அப்டேட் தருவதாக கூகுள் அறிவித்தது, அடுத்த சில மாதங்களில் கேலக்ஸி எஸ்24-க்கு சாம்சங்கும் அதையே சொன்னது. ஃபேர்போன் 5 என்கிற போனில் பேட்டரியைக் கழற்ற ஸ்க்ரூடிரைவரே வேண்டாம். 2025 ஜூன் 20 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் போன்களுக்கு ஒரு விதி அமலில் இருக்கிறது: 800 முறை முழு சார்ஜ் ஏறி இறங்கிய பிறகும் பேட்டரியின் ஆரம்பக் கொள்ளளவில் 80 சதவீதமாவது மிஞ்ச வேண்டும், விற்பனை நின்று ஏழு வருஷம் வரை உதிரி பாகம் கிடைக்க வேண்டும். இந்த ஏழு வருஷம் என்கிற வரியைப் படித்தபோது சர்வீஸ் சென்டரில் கேட்ட பதில்தான் ஞாபகத்துக்கு வந்தது.

அதனால் இனி இந்த சேனலில் எந்த போனை ரிவ்யூ செய்தாலும் முதலில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிடுவேன். பேட்டரி மாற்ற முடியுமா, எந்த வருஷம் வரை அப்டேட் வரும், கம்பெனி சர்வரை நிறுத்தினால் எதெல்லாம் வேலை செய்யும். கேமரா மெகாபிக்சல் எல்லாம் அதற்கப்புறம்.

இந்த உப்பிய போன் என்ன ஆகும்? போன் ரிப்பேர் செய்யும் நண்பர் ஒருவர் இதற்குப் பொருந்தும் பேட்டரியைத் தேடிப் பிடித்துவிட்டார். அவர் மூடியைச் சூடாக்கிப் பசையைப் பிரிக்கும்போது பக்கத்தில் இருந்து படமெடுக்க அனுமதி கேட்டிருக்கிறேன். வேலை முடிந்ததும், ஓடினாலும் ஓடாவிட்டாலும், அப்படியே போடுகிறேன்.