தாய்மார்களே என்று அழைக்கும் விளம்பரம்

நேயர்களுக்கு வணக்கம். திருவாரூரிலிருந்து மன்னார்குடிக்குப் போகும் சாலையில், ஒரு தேர்தல் சமயத்தில், பேருந்து நிறுத்தத்தின் அருகே விழிப்புணர்வுத் தட்டி ஒன்றைப் பார்த்தேன். பட்டுச்சேலை உடுத்திய பெண் ஒருவர், இடுப்பில் குழந்தையுடன், மை வைத்த விரலைக் காட்டிச் சிரிக்கிறார். கீழே, ‘தாய்மார்களே, உங்கள் பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக வாக்களியுங்கள்’ என்று எழுதியிருந்தது. தட்டிக்குப் பின்னால், கோடைப் பருத்தியில் பத்துப் பன்னிரண்டு பெண்கள் களை எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெண்களை வாக்களிக்க அழைக்கும் விளம்பரம், நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டதாக இருந்தாலும், பெண்ணைத் தாழ்த்துவதாக அமைய முடியுமா என்ற கேள்வி அங்கேதான் எனக்குள் எழுந்தது. முடியும் என்றே நான் நினைக்கிறேன்.

1951-52 முதல் பொதுத்தேர்தலுக்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது, ‘இன்னாரின் மனைவி’, ‘இன்னாரின் மகள்’ என்று மட்டும் சொல்லித் தம் சொந்தப் பெயரைச் சொல்லாத பெண்கள், பெரும்பாலும் வடமாநிலங்களில், ஏறத்தாழ 28 லட்சம் பேர் இருந்தார்கள். தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் காலத்தில் அந்தப் பதிவுகள் நீக்கப்பட்டன. அத்தனை பெண்கள் அந்தத் தேர்தலில் வாக்கை இழந்தது பெரிய துயரம். ஆயினும், வாக்கு என்பது பெயருள்ள ஒரு தனி மனுஷிக்கு உரியது என்பதை அந்த முடிவு ஐயமின்றிச் சொன்னது. அன்று பட்டியல் ஏற்க மறுத்த உறவு அடையாளத்தையே இன்றைய தட்டி அவளிடம் திருப்பிக் கொடுக்கிறது.

‘தாய்மார்களே’ என்பது மரியாதைச் சொல்தானே என்று என்னிடம் வாதிட்டவர்கள் உண்டு. நம் மேடைகளில் பழகிய விளி அது. அதில் குறை காண நான் வரவில்லை. வாக்களிப்பதற்கு என்ன காரணம் சொல்கிறார்கள் என்பதையே பார்க்க வேண்டும். ஆணிடம் நாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெண்ணிடம் பிள்ளையின் பெயரால் கேட்கிறார்கள். அவளுடைய கூலியும், அவள் வீட்டுக்கு வர வேண்டிய தண்ணீரும், அவள் குடியிருக்கும் மனையின் பட்டாவும் அவள் வாக்களிக்கப் போதிய காரணங்கள் ஆகாதா?

கோலப் போட்டி வைத்து வாக்காளர்களை அழைப்பதை நான் அவ்வளவு கடுமையாகப் பார்க்கவில்லை. கோலம் நம் பெண்களின் கைத்திறன். தெருவே கூடி நின்று பார்க்கும். ஆனால் ஆண்களுக்கு மோட்டார் சைக்கிள் பேரணி, பெண்களுக்கு வாசற்கோலம் என்று பிரித்துவிட்டால், அழைப்பும் வாசலோடு நின்றுவிடுகிறது.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய பிழையன்று. பிரிட்டனில் 2015 தேர்தலுக்கு முன், வாக்களிக்காத பெண்களைச் சந்திப்பதற்காகத் தொழிற்கட்சி இளஞ்சிவப்பு வண்ணத்தில் ஒரு வேனை அனுப்பியது. 2010 தேர்தலில் வாக்களிக்காத 91 லட்சம் பெண்களைத் தேடிச் சென்றது நியாயமான முயற்சிதான். வண்ணமோ, பெண்களைச் சிறுமிகளாக நினைக்கிறார்கள் என்ற கோபத்தைக் கிளப்பியது.

சென்னை மாகாணம் 1921-லேயே, சொத்துத் தகுதி என்ற வரம்போடு, பெண்களுக்கு வாக்குரிமை தந்தது. நூறாண்டு கழித்து, 2021-இல், தமிழ்நாட்டுப் பட்டியலில் ஆண்கள் 3.08 கோடி, பெண்கள் 3.18 கோடி. அந்த ஆண்டுச் சட்டமன்றத் தேர்தலில் 234 இடங்களில் வென்ற பெண்கள் 12 பேர். இந்த இரண்டாவது கணக்கை எந்த விழிப்புணர்வுத் தட்டியிலும் நான் பார்த்ததில்லை.

வயலில் நிற்கும் பெண்ணுக்குத் தேவைப்படும் செய்திகள் வேறு. மாலை வாக்குப்பதிவு முடியும் நேரத்தில் வரிசையில் நிற்பவர்களுக்கு டோக்கன் கொடுத்து வாக்களிக்க விட வேண்டும் என்பது விதி. வேலை முடிந்து ஓடி வருகிறவளுக்கு அதைச் சொல்ல வேண்டும். யாருக்குப் போட்டாள் என்பதைக் கணவனும் மாமியாரும் பண்ணையாரும் அறிய வழியில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

திருத்துறைப்பூண்டிப் பக்கத்தில் ஒரு மகளிர் குழுக் கூட்டத்தில் இதைப் பேசி முடித்தபோது, பின்வரிசையிலிருந்து ஓர் இளம்பெண் எழுந்தாள். “நான் வாக்கப்பட்டு வந்து மூணு வருசம் ஆச்சு டீச்சர், ஓட்டு இன்னும் பொறந்த ஊர்லயே கெடக்கு, அதை இங்க எப்படிக் கொண்டாறது?” என்று கேட்டாள். முகவரி மாற்றத்துக்கான படிவம் 8-ஐப் பற்றி அவளுக்கு அதுவரை யாரும் சொல்லியிருக்கவில்லை. அன்று மாலையே அவளும், அவளோடு இன்னும் நான்கு பேரும் அதை நிரப்பினார்கள்.