தொழுநோய், காசநோய்ப் பிரிவுகளில் தொண்டு செய்ய வருவோருக்கு

[காட்சி: காட்பாடியை அடுத்த கரிகிரி, மருத்துவமனை வளாகம்]

வணக்கம். வேலூர் மாவட்டம் காட்பாடிக்கு அருகிலுள்ள கரிகிரியில், தொழுநோய்க்கான மருத்துவமனையும் ஆராய்ச்சி மையமும் 1955ஆம் ஆண்டு தொடங்கப்பட்டன. இத்தகைய கிராமப்புற மருத்துவமனைகளில் தொண்டு செய்ய விரும்பும் இளைஞர்களின் மனத்தில் எழும் முதல் கேள்வி, "எனக்கும் தொற்றிவிடுமா?" என்பதே. அது நியாயமான கேள்விதான். ஆனால் நாம் தொழுநோய்க்குத் தேவைக்கு மீறி அஞ்சுகிறோம். காசநோயிடம் இருக்க வேண்டிய எச்சரிக்கையையோ பல நேரம் மறந்துவிடுகிறோம்.

இரண்டையும் உண்டாக்குபவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்த கிருமிகள். தொழுநோய்க் கிருமியை 1873இல் நார்வே நாட்டின் ஹான்சனும், காசநோய்க் கிருமியை 1882இல் ஜெர்மனியின் ராபர்ட் கோக்கும் கண்டறிந்தனர். தொழுநோய்க் கிருமி மிக மெதுவாகப் பெருகுவது. பெரும்பாலானோரின் உடலுக்கு அதை எதிர்க்கும் ஆற்றல் இயல்பாகவே உண்டு. உலக சுகாதார நிறுவனம் 1981இல் பரிந்துரைத்த கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கிய நோயாளியிடமிருந்து நோய் பரவும் வாய்ப்பு விரைவிலேயே நீங்கிவிடுகிறது. ஆகவே அவர் கையைப் பிடித்துக்கொண்டு பேசலாம், அருகில் அமர்ந்து உண்ணலாம்.

[காட்சி: உள்ளங்கால் புண்ணுக்குக் கட்டுப் போடும் செவிலியர்]

தொழுநோய் விரல்களைத் தின்றுவிடுகிறது என்று ஊரில் சொல்வார்கள். அது உண்மையன்று. 1946இல் வேலூருக்கு வந்த அறுவை மருத்துவர் பால் பிராண்ட், நரம்புகள் பாதிக்கப்பட்டு வலியுணர்வு போய்விடுவதால்தான் காயங்கள் கவனிக்கப்படாமல் பெருகி விரல்கள் சிதைகின்றன என்பதை எடுத்துக்காட்டினார். கொதிக்கும் பாத்திரத்தை வெறுங்கையால் இறக்குபவருக்கும், செருப்புக்குள் ஆணி குத்திய நிலையில் மைல் கணக்கில் நடப்பவருக்கும் எந்த வலியும் தெரிவதில்லை. கிருமி ஒழிந்து சிகிச்சை முடிந்த பின்னும் அந்த உணர்வு பலருக்குத் திரும்புவதில்லை என்பதால், புண் வராமல் காப்பது வாழ்நாள் முழுவதும் தொடர வேண்டிய வேலையாகிவிடுகிறது.

என் கருத்தில், தொண்டரின் உண்மையான பணி இங்கேதான் இருக்கிறது. நோயாளியுடன் அமர்ந்து, அவர் பாதங்களை நாள்தோறும் தாமே பார்க்கும் பழக்கத்தை ஏற்படுத்த வேண்டும்: சிவந்திருக்கிறதா, சூடாக இருக்கிறதா, கொப்புளம் தெரிகிறதா என்று. காலைத் தண்ணீரில் ஊறவைத்து, காய்த்துப்போன தோலைத் தேய்த்து, ஈரம் காயும் முன் எண்ணெய் தடவச் சொல்லித்தர வேண்டும். மென்மையான ரப்பர் செருப்பு தேய்ந்துவிட்டதா என்றும் பார்க்க வேண்டும். இமை மூடாத கண்ணில் தூசி விழுந்தாலும் சிலருக்குத் தெரியாது. கண் சிவந்திருந்தால் உடனே செவிலியரிடம் சொல்லுங்கள்.

[காட்சி: சன்னல்கள் திறந்திருக்கும் காசநோய்ப் பிரிவு]

காசநோய் அப்படியன்று, நுரையீரல் காசநோய் இருமலின் வழியே காற்றில் பரவுகிறது. எனவே சன்னல்களைத் திறந்துவைப்பதும், நோயாளி வாயை மூடி இருமுவதும், தொண்டர் என்95 முகக்கவசம் அணிவதும் கட்டாயம். ஆயினும் இங்கும் அச்சத்துக்கு எல்லை உண்டு. 1956இல் சென்னையில் தொடங்கிய ஆய்வு, முறையாக மருந்து உட்கொண்டால் வீட்டிலிருந்தபடியே குணமடையலாம் என்பதையும், அதனால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதையும் உலகுக்குக் காட்டியது.

சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். சில வாரங்களில் இருமல் தணிந்து பசி எடுத்ததும், "சரியாகிவிட்டது" என்று மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். மருந்துக்கு அடங்காத காசநோய் இப்படியும் உருவாகிறது. சிறுநீர் சிவப்பாகப் போவதைக் கண்டு பயந்து நிறுத்துபவர்களும் உண்டு. அது ரிஃபாம்பிசின் மாத்திரையின் நிறம் என்று முன்கூட்டியே சொன்னால் அந்தப் பயம் எழாது. கூலி இழந்து படுத்திருப்பவரிடம் மாத்திரையைப் பற்றி மட்டும் பேசாமல், சாப்பிட்டாரா, வீட்டில் அடுப்பு எரிகிறதா என்றும் கேளுங்கள்.

நோயாளியின் அனுமதியின்றிப் படம் எடுக்காதீர்கள். அவர் நோயை ஊரில் சொல்லாதீர்கள். நீரிழிவு இருந்தாலோ, நோய் எதிர்ப்பாற்றலைக் குறைக்கும் மருந்து உட்கொண்டாலோ, காசநோய்ப் பிரிவுக்குச் செல்லும் முன் அங்குள்ள மருத்துவரிடம் தெரிவியுங்கள். பின்னர் உங்களுக்கு இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால், தள்ளிப்போடாமல் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.