மாடிப்படி ஏறிய பிறகு

நடுவர் அவர்களே, பெங்களூரு அல்சூர் ஏரிக்கரை மாலைக் காற்றை விட்டுவிட்டு இந்த அரங்கத்துக்கு வந்திருக்கும் பெரியோர்களே, எதிரணி நண்பர்களே, வணக்கம்.

'அன்றாடச் சச்சரவைத் தீர்ப்பது கனிவான பேச்சா, கண்டிப்பான நடவடிக்கையா?' கனிவான பேச்சே என்று சொல்ல வந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், "குட்டக் குட்டக் குனிகிறவன் முட்டாள்" என்று முழங்கிவிட்டு அமர்ந்தார். பழமொழியில் பாதியை விட்டுவிட்டீர்கள், ஐயா. "குனியக் குனியக் குட்டுகிறவனும் முட்டாள்" என்பதும் அதில் இருக்கிறது. குனியவும் வேண்டாம், குட்டவும் வேண்டாம், எதிரே உட்கார்ந்து பேசுங்கள் என்கிறோம் நாங்கள்.

என் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். எங்களுக்கு நேர் மேல்மாடியில் ஒரு கன்னடக் குடும்பம். விடியற்காலை நாலரை மணிக்கு அங்கே கிரைண்டர் ஓடும். கீழே, அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்த என் அம்மாவின் தூக்கம் கலையும். எதிரணி சொல்லும் வழியில்தான் முதலில் போனேன். குடியிருப்போர் சங்கத்தில் புகார் கொடுத்தேன். ஆறு மணிக்கு முன் ஓட்டக் கூடாது என்று எச்சரிக்கைக் கடிதம் போனது. இரண்டு நாள் அமைதி. மூன்றாம் நாள் அதே சத்தம். படியில் எதிர்ப்பட்டால் முகத்தைத் திருப்பிக்கொள்வதும் அதோடு சேர்ந்துகொண்டது.

ஒரு மாலை அம்மா கேட்டார்: "அந்த நேரத்தில் எதற்காக அரைக்கிறாள் என்று கேட்டாயா?" கேட்கவில்லை, நடுவர் அவர்களே. மூன்று மாதமாகக் கேட்கவே இல்லை.

அன்றே மேலே போனேன். "ஊட்ட ஆய்த்தா அக்கா?" - சாப்பிட்டாச்சா என்று கன்னடத்தில் தொடங்கினேன். உட்காரச் சொன்னார். ஓர் ஓட்டலுக்கு உளுந்து வடை மாவு அரைத்துக் கொடுக்கிறாராம். ஆறரைக்குள் போய்ச் சேர வேண்டும். குடும்பமே அந்த வருமானத்தில்தான் நடக்கிறது. "இரவே அரைத்து வைக்கலாமே" என்றேன். இட்லி மாவென்றால் வைக்கலாம், வடை மாவு இளகிவிடும், எண்ணெயைக் குடிக்கும் என்றார். உண்மைதானே! நேரத்தை அவரால் மாற்ற முடியாது, சத்தத்தை அம்மாவால் தாங்க முடியாது. பிறகுதான் கிரைண்டர் இருந்த இடத்தைப் பார்த்தேன். அம்மாவின் கட்டிலுக்கு நேர் மேலே, வெறுந்தரையில். இருவருமாகத் தூக்கிப் பின்பக்கம் துணி துவைக்கும் இடத்தில், தடித்த ரப்பர் விரிப்பின் மேல் வைத்தோம். மறுநாளும் நாலரைக்கு கிரைண்டர் ஓடியது. அம்மா ஏழு மணிக்கு எழுந்தார்.

கனிவு என்றால் விட்டுக்கொடுத்துத் தோற்பது என்றார் எதிரணித் தலைவர். அம்மாவின் தூக்கத்தை நான் ஒரு நிமிடம்கூட விட்டுக்கொடுக்கவில்லை. 'நாலரைக்கு ஓட்டாதே' என்ற பிடிவாதத்தைத்தான் விட்டேன். அடிக்கிறவனிடமும் மிரட்டுகிறவனிடமும் பேரம் பேசச் சொல்லவில்லை. அங்கே காவல் நிலையம்தான்.

சட்டம், சட்டம் என்கிறீர்கள். 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி நடக்கும் லோக் அதாலத்தில், அதாவது மக்கள் நீதிமன்றத்தில், இருதரப்பும் ஒப்புக்கொண்டால்தான் சமரசம். நீதிமன்றத்திலிருந்து வந்த வழக்கு அங்கே சமரசமானால் கட்டிய கட்டணம் திரும்ப வரும், மேல்முறையீடும் கிடையாது. சட்டமே உட்கார்ந்து பேசத்தானே சொல்கிறது?

இதே ஏரிக்கரையில் வள்ளுவர் நிற்கிறார். 1991 முதல் 18 ஆண்டுகள், கன்னட அமைப்புகளின் எதிர்ப்பால், அந்தச் சிலை மூடியே கிடந்ததைப் பார்த்தவர்கள் இந்த அரங்கில் இருக்கிறார்கள். 2009-இல் அன்றைய தமிழக முதல்வர் கருணாநிதியும் கர்நாடக முதல்வர் எடியூரப்பாவும் பேசி முடித்தார்கள்: இங்கே வள்ளுவர், சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞர். ஆகஸ்ட் 9-இல் இங்கே திறப்பு, 13-இல் அங்கே. அன்று பலத்த போலீஸ் காவல் இருந்தது, மறுக்கவில்லை. ஆனால் திரை விலகியது, 'உங்கள் கவிஞருக்கு எங்கள் ஊரில் இடம்' என்று இரு பக்கமும் சொன்ன பிறகுதான்.

கடைசியாக ஒன்று. பக்கத்து வீட்டாரோடு ஓரடி மதில் வழக்கு ஆறு ஆண்டுகளாக நடக்கிறது என்றார் எதிரணித் தலைவர். அந்த ஓரடி நிலம் அவர்களுக்கு எதற்காகத் தேவைப்படுகிறது, ஐயா? பதிலுரையில் சொல்லுங்கள். காத்திருக்கிறேன்.