சிப்பாயின் முகத்தைப் பாருங்கள்

வணக்கம் நேயர்களே. இடைக்கால ஐரோப்பாவின் ராஜா, ராணி, பிஷப், கவச வீரர்கள் எல்லாரும் சின்னச் சிலைகளாக நிற்கும் சதுரங்கக் காய்களைப் பார்த்திருப்பீர்கள். கையால் வண்ணம் தீட்டியவை. சேகரிப்பவர்கள் தேடித் தேடி வாங்குவார்கள்.

இப்படி ஒரு செட்டைப் பார்க்கும்போது எல்லாருடைய கையும் ராஜாவிடம்தான் போகும். நான் சிப்பாயை எடுப்பேன். ராஜாவுக்கு எந்த ஓவியரும் நேரம் ஒதுக்குவார். ஒரே மாதிரியான 16 சிப்பாய்களுக்கும் அதே அக்கறையோடு கண் எழுதியிருக்கிறாரா, இடுப்பு வாரின் நிறம் உடைக்குள் கசியாமல் நின்றிருக்கிறதா என்பதில்தான் வேலையின் தரம் தெரியும்.

இப்படிப்பட்ட காய்கள் இன்று பெரும்பாலும் ரெசின் என்ற செயற்கைப் பிசினை அச்சில் ஊற்றி வார்த்தவை. அடிவண்ணம் காய்ந்ததும், நீர்த்த கருநிறத்தை மேலே ஓடவிடுவார்கள். அது உடையின் மடிப்பிலும் கவசத்தின் இடுக்கிலும் போய்த் தங்கும். அப்புறம் ஏறக்குறைய உலர்ந்த தூரிகையால் மேடான இடங்களில் மட்டும் வெளிர் நிறத்தைத் தொட்டு எடுப்பார்கள். விரலளவு உருவத்துக்கு ஆழம் வருவது இப்படித்தான்.

ஆனால் அழகு மட்டும் போதாது. ராணிக்கும் நீண்ட அங்கி, பிஷப்புக்கும் நீண்ட அங்கி, இரண்டும் ஒரே உயரம் என்றால் ஆடுபவர் தடுமாறிப் போவார். நல்ல சிற்பி நிறத்தை நம்பியிருக்க மாட்டார். உருவத்திலேயே வித்தியாசம் காட்டிவிடுவார்.

அதற்கு எனக்குத் தெரிந்த மிகச் சிறந்த சான்று, ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவில் 1831ஆம் ஆண்டு வெளிச்சத்துக்கு வந்த காய்கள். 12ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. பெரும்பாலும் வால்ரஸ் என்ற கடல் விலங்கின் தந்தத்தில் செதுக்கியவை. ராஜா மடியில் வாளைக் கிடத்தி உட்கார்ந்திருக்கிறார். ராணி கன்னத்தில் கை வைத்திருக்கிறார். பிஷப்பின் கையில் தலை வளைந்த கோல். மூலையில் நிற்கும் காவல் வீரர்களில் சிலர் வெறியோடு கேடயத்தையே கடிக்கிறார்கள்! கண்டெடுத்தபோது சில காய்களில் சிவப்புச் சாயம் இருந்ததாகக் குறிப்பு உண்டு. அந்தச் சாயம் போய்விட்டது. ஆனாலும் யார் யார் என்பதில் ஒரு குழப்பமும் இல்லை. பெரும்பாலான காய்கள் லண்டனில் பிரிட்டிஷ் மியூசியத்திலும், 11 மட்டும் எடின்பரோவிலும் இருக்கின்றன.

வாங்குவதற்கு முன் காய்களைப் பலகையில் அடுக்கி, மேலிருந்து பாருங்கள். ஆடும்போது நாம் பார்ப்பது அந்தக் கோணத்தில்தான். அங்கிருந்து குதிரையும் பிஷப்பும் சட்டென்று பிரிந்து தெரிய வேண்டும். இரு அணிகளின் நிறமும் மங்கலான வெளிச்சத்தில் வேறுபட வேண்டும்.

இவற்றை வைத்து ஆடலாமா என்றால், தாராளமாக ஆடுங்கள். நிதானமான ஆட்டமாக இருக்கட்டும். கடிகாரம் வைத்த அவசர ஆட்டம் வேண்டாம். ஈட்டியையோ வாளையோ பிடித்துத் தூக்காதீர்கள், ரெசின் சட்டென்று முறிந்துவிடும். அடிப்பாகத்தைப் பிடித்து நகர்த்துங்கள். நேர் வெயில் படும் அலமாரி வேண்டாம், நிறம் வெளுக்கும். தூசியைத் தட்ட உலர்ந்த மென்மையான தூரிகை ஒன்றே போதும்.