1991-இல் ராக் ஜெயித்தது பாட்டாலா, பட்டியலாலா? – பாட்டு அணியின் உரை

நடுவர் அவர்களே, எதிரணி நண்பர்களே, ஞாயிற்றுக்கிழமை மாலையை ராக் இசைக்காக ஒதுக்கி வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

1991-ஆம் ஆண்டு ராக் இசை விற்பனைப் பட்டியல்களை ஆண்டது. அதற்குக் காரணம் பாட்டா, பட்டியலா என்பது கேள்வி. பாட்டுதான் என்று சொல்ல வந்தவன் நான். அதற்காகக் கை நிறையக் குறிப்பும் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் 12-இல் மெட்டாலிகா என்ற ராக் குழுவின் அந்தக் கறுப்பு அட்டை ஆல்பம். ஆகஸ்ட் 27-இல் பேர்ல் ஜாமின் ‘டென்’. செப்டம்பர் 17-இல் கன்ஸ் அண்ட் ரோசஸின் இரண்டு ‘யூஸ் யுவர் இல்யூஷன்’, ஒரே நாளில் இரண்டு ஆல்பம்! ஒரு வாரம் கழித்து, செப்டம்பர் 24-இல், நிர்வாணாவின் ‘நெவர்மைண்ட்’. அதே நாளில் ரெட் ஹாட் சில்லி பெப்பர்ஸ் குழுவின் ஆல்பமும். நவம்பரில் யூ2-வின் ‘ஆக்டங் பேபி’. கேட்கிறவன் ஒரு ஆல்பத்தை முழுதாக மனசில் வாங்குவதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது. இவை ஒவ்வொன்றையும் பற்றிப் பேசத்தான் நினைத்திருந்தேன்.

ஆனால் எதிரணித் தம்பி அதற்கு விடவில்லை. சற்றுமுன் இதே மைக்கைப் பிடித்து ஒன்று சொன்னார், அரங்கமே கைதட்டியது. “ராக்கை ஜெயிக்க வைத்தது கிடார் இல்லை, பார்கோடு! கணக்குப்பிள்ளையை மாற்றினார்கள், இவர்கள் முதலிடத்துக்கு வந்துவிட்டார்கள்!” என்றார். இதற்குப் பதில் சொல்லாமல் நான் மேடையை விட்டு இறங்கினால் அந்தக் கிடார்களுக்குத் துரோகம் செய்தவன் ஆவேன்.

தம்பி சொன்னதில் பாதி உண்மை என்பதால், அது என்ன பார்கோடு கதை என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் பில்போர்டு பத்திரிகை வாராவாரம் ஆல்பம் பட்டியல் போடும். அதை எப்படிப் போட்டார்கள்? கடைகளைக் கூப்பிட்டுக் கேட்பார்கள். “இந்த வாரம் என்ன போகிறது?” கடைக்காரர் ஒரு வரிசை சொல்வார். எத்தனை பிரதி விற்றது என்ற எண்ணிக்கை கிடையாது, வரிசை மட்டும்தான். கடைக்காரருக்குப் பிடித்த பாடகர் இரண்டு படி மேலே ஏறுவார். தோல் ஜாக்கெட் போட்டு, தலைமுடியை இடுப்பு வரைக்கும் வளர்த்த பையன்கள் கூட்டமாக வந்து வாங்கிக்கொண்டு போன ஆல்பம் அவர் நினைவிலேயே வராது. 1991 மே 25 தேதியிட்ட பட்டியலிலிருந்து இது மாறியது. சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பார்கோடு ‘பீப்’ என்று அடித்தால் ஒரு பிரதி. அடிக்கவில்லை என்றால் இல்லை.

தம்பி, சந்தையில் படிக்கல்லை எடுத்துவிட்டு எலெக்ட்ரானிக் தராசு வைத்தார்கள். அதுவரை நான்கு கிலோ என்று சொன்ன பூசணிக்காய் ஆறு கிலோ காட்டியது. தராசு வந்ததால்தான் பூசணி பெருத்தது என்பீர்களா? பூசணி கொடியிலேயே ஆறு கிலோ, தம்பி!

கைதட்டலுக்கு நன்றி. ஆனால் உவமையோடு நிறுத்திக்கொள்ள மாட்டேன், ஆதாரம் தருகிறேன். ஆர்.இ.எம். என்ற குழு. ஜார்ஜியா மாநிலத்து ஏதென்ஸ் என்ற கல்லூரி ஊரில் உருவானவர்கள். 1991 மார்ச்சில் ‘அவுட் ஆஃப் டைம்’ வெளியிட்டார்கள். அதிலிருந்து முதலில் தனிப்பாட்டாக வந்த ‘லூசிங் மை ரிலிஜன்’ பாட்டில் முன்னால் நின்று ஒலிப்பது மாண்டலின். நம் ஊரில் மாண்டலின் என்றால் கச்சேரி மேடை ஞாபகம் வரும், அங்கே அது நாட்டுப்புற வாத்தியம். ரேடியோவில் ஹிட் ஆவதற்காக யாரும் கையில் எடுக்கிற கருவி இல்லை. அந்த ஆல்பம் மே 18 பட்டியலில் முதலிடம் பிடித்தது. தேதியைக் கவனியுங்கள். மே 18! பார்கோடு வந்தது மே 25. அதாவது கணக்குப்பிள்ளை மாறுவதற்கு ஒரு வாரம் முன்பே ராக் உச்சியில் உட்கார்ந்துவிட்டது. அப்புறம் மே 25-இல் புதுக் கணக்குப்பிள்ளை வந்தாரே, முதல் வேலையாக என்ன செய்தார் தெரியுமா? ஆர்.இ.எம்.மை இறக்கிவிட்டு, மைக்கேல் போல்டனை ஏற்றினார். காதல் பாட்டுக்காரர், ராக்குக்கும் அவருக்கும் வெகுதூரம். உங்கள் பார்கோடு முதல் வாரமே எங்களைக் கீழே தள்ளியது, தம்பி! அடுத்த வாரம் ஆர்.இ.எம். மறுபடி ஏறி வந்தது. எதனால் வந்தது? பாட்டால் வந்தது.

இன்னொன்று. இங்கிலாந்தில் கடைகளில் மின்னணுக் கருவி வைத்து விற்பனையை எண்ணுவது 1980-களிலேயே வந்துவிட்டது. அங்கே 1991-இல் கணக்குப்பிள்ளை மாறவே இல்லை. அதே ஆண்டில்தான் ராக் பாடகர் பிரையன் ஆடம்ஸின் ஒரு பாட்டு தொடர்ந்து 16 வாரம் முதலிடத்தில் நின்றது. கோடைகாலத்தில் ஏறி, இலை உதிரும் காலம் வரை இறங்கவில்லை.

பேர்ல் ஜாமின் ‘டென்’ வந்தபோது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அட்டையில் பார்கோடு இருந்தது. ஆகஸ்டில் இருந்தது, டிசம்பரிலும் அதே பார்கோடுதான். ஊர் ஊராகப் போய் வாசித்து, சுமார் ஓராண்டு கழித்து 2-ஆம் இடம் வரைக்கும் ஏறினார்கள். நிர்வாணாவுக்கும் இதுதான் கதை. கம்பெனி முதலில் அமெரிக்கக் கடைகளுக்கு அனுப்பியதே சுமார் 46,000 பிரதி. அந்த நாட்டுக்கு அது எந்த மூலைக்கு? பட்டியலில் நுழைந்தது 144-ஆவது இடத்தில். அங்கிருந்து ஏறி ஏறி, 1992 ஜனவரி 11 பட்டியலில் முதலிடம். யாரை இறக்கிவிட்டு? மைக்கேல் ஜாக்சனை! கிறிஸ்துமஸுக்கு அப்பா அம்மா ஆசையாக வாங்கிக் கொடுத்த ஜாக்சன் ஆல்பத்தைப் பிள்ளைகள் மறுநாள் கடைக்கு எடுத்துப்போய், இதைத் திருப்பி எடுத்துக்கொண்டு நிர்வாணா கொடுங்கள் என்று கேட்டார்கள் என அந்த ஊரில் ஒரு கதை சொல்வார்கள். எத்தனை பேர் அப்படிச் செய்தார்களோ, ஆனால் அந்த ஜனவரியில் அது நடக்கக்கூடிய விஷயமாக இருந்தது.

நடுவர் கடிகாரத்தைப் பார்க்கிறார். அய்யா, ஒரே ஒரு கதை. இதைச் சொல்லாமல் போனால் எனக்கு இன்று தூக்கம் வராது.

லாஸ் ஏஞ்சல்ஸ் பக்கத்தில் சன்செட் சாலை. அங்கே அப்போது டவர் ரெக்கார்ட்ஸ் என்று ஒரு பெரிய இசைத்தட்டுக் கடை. கடைக்கு உள்ளே ஒரு கண்ணாடி. வெளியிலிருந்து பார்த்தால் நம் முகம்தான் தெரியும். பின்னால் ஒரு அறை. அந்த அறைக்குள் நின்றால் மொத்தக் கடையும் தெரியும். யார் என்ன எடுக்கிறார், எதைச் சட்டைக்குள் செருகுகிறார், எல்லாம். ஒரு பையன். சுருட்டைமுடி. இசை என்றால் பைத்தியம், சட்டைப் பையில் காசில்லை. கேசட்டை உள்ளே தள்ளினான். கண்ணாடிக்குப் பின்னால் ஆள் இருந்தார். பிடிபட்டான்.

வருஷங்கள் ஓடின. 1991 செப்டம்பர் 16 இரவு. மறுநாள் கன்ஸ் அண்ட் ரோசஸ் ஆல்பம் வருகிறது. விடியும்வரை ரசிகர்கள் பொறுக்க மாட்டார்கள் என்று அமெரிக்கா முழுக்கக் கடைகளை நள்ளிரவிலேயே திறந்தார்கள். அதே சன்செட் சாலை. அதே டவர் ரெக்கார்ட்ஸ். வாசலில் கூட்டம். பன்னிரண்டு மணி அடித்ததும் உள்ளே பாய்கிறார்கள். இரண்டு ஆல்பத்தையும் அள்ளுகிறார்கள். இதையெல்லாம் ஒருவர் மறைவாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே நின்று? அந்தக் கண்ணாடிக்குப் பின்னால்! யார்? அந்தக் குழுவின் கிடார் வாசிப்பாளர் ஸ்லாஷ். அன்றைக்குப் பிடிபட்ட அதே சுருட்டைமுடிப் பையன்!

மறுபடியும் சொல்கிறேன், இது ஒருமுறை கேட்டால் போதாத கதை. எந்தக் கண்ணாடிக்குப் பின்னாலிருந்து அவனைத் திருடன் என்று பார்த்தார்களோ, அதே கண்ணாடிக்குப் பின்னால் அவன் நிற்கிறான். எந்த அலமாரியிலிருந்து கேசட்டை உருவினானோ, அந்தக் கடையில் அவன் வாசித்த பாட்டை ஜனம் காசு கொடுத்து வாங்குகிறது. ஸ்லாஷே பிற்பாடு இதைச் சொல்லியிருக்கிறார். அந்த வார விற்பனையில் இரண்டாவது ஆல்பம் முதலிடம், முதல் ஆல்பம் இரண்டாமிடம். உச்சியில் இரண்டு நாற்காலி, இரண்டிலும் ஒரே குழு.

தம்பி, அந்த நள்ளிரவில் கல்லாவில் பார்கோடு ‘பீப் பீப்’ என்று அடித்தது உண்மைதான். ஆனால் அந்தப் பையன்களைப் படுக்கையிலிருந்து எழுப்பி, வரிசையில் நிற்க வைத்தது எது? பார்கோடைப் பார்க்கவா வந்தார்கள்?

இன்னும் ஒரு நிமிஷம் தாருங்கள், அய்யா. ஃப்ரெடி மெர்குரியைப் பற்றிப் பேசாமல் 1991-ஐ முடிக்க என் மனசு ஒப்பாது.

சான்சிபாரில் பார்சிக் குடும்பத்தில் பிறந்த பையன். நம் நாட்டில், மகாராஷ்டிரத்துப் பஞ்சகனியில், விடுதிப் பள்ளியில் படித்தவர். முதன்முதலாகக் குழு சேர்த்து வாசித்ததே அந்தப் பள்ளிக்கூடத்தில்தான். அம்மா அப்பாவை விட்டு, அவ்வளவு தூரத்தில், ஒரு மலை ஊரில் பியானோவுக்கு முன்னால் உட்கார்ந்திருந்த அந்தச் சிறுவன் குயீன் என்ற குழுவைக் கட்டி உலகத்தையே எழுந்து நிற்க வைத்தார்.

1991-இல் அவர் சாகப்போகிறார் என்று அவருக்குத் தெரியும். எய்ட்ஸ். வெளியே யாருக்கும் சொல்லவில்லை. ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ பாட்டைப் பதிவு செய்த நேரத்திலேயே அவரால் நடக்க முடியவில்லை. கிடார் வாசிக்கும் பிரையன் மே கவலைப்பட்டார். சுருதி மிக உயரத்தில் இருக்கிறதே, இந்த உடம்போடு பாடமுடியுமா என்று. ஃப்ரெடி ஒரு வாய் வோட்கா குடித்தார், பாடிவிடுகிறேன் என்று போனார், பாடினார். கேட்டிருக்கிறீர்களா அந்தக் குரலை? நோயாளியின் குரலா அது? நிற்க முடியாத மனிதன் அந்த உயரத்தை எட்டிப் பிடிக்கிறார்!

அக்டோபர் 14-இல் அது தனிப்பாட்டாக வெளிவந்தது. நவம்பர் 23-இல் தன் நோயை உலகுக்கு அறிவித்தார். 24-ஆம் தேதி போய்விட்டார். 45 வயது.

‘தீஸ் ஆர் தி டேஸ் ஆஃப் அவர் லைவ்ஸ்’ என்ற பாட்டுக்கு அந்த ஆண்டு மே மாதம் எடுத்த ஒரு வீடியோ இருக்கிறது. கேமராவுக்கு முன்னால் அவர் கடைசியாக நின்றது அதில்தான். உடல் இளைத்தது தெரியக்கூடாது என்று கறுப்பு வெள்ளையில் வெளியிட்டார்கள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. அப்படியும் சிரிக்கிறார். முடிவில் கேமராவை நேராகப் பார்த்து, இன்னும் உங்களை நேசிக்கிறேன் என்கிறார். அவர் போன பிறகு, டிசம்பரில், அந்த வீடியோப் பாட்டையும் குயீனின் பழைய பாட்டான ‘பொஹிமியன் ராப்சடி’யையும் சேர்த்து இங்கிலாந்தில் வெளியிட்டார்கள். 1975 கிறிஸ்துமஸுக்கு முதலிடத்தில் இருந்த ‘பொஹிமியன் ராப்சடி’ 1991 கிறிஸ்துமஸுக்கும் முதலிடத்துக்கு வந்தது. வசூல் எய்ட்ஸ் நோயாளிகளுக்கான அறக்கட்டளைக்குப் போனது. அன்றைக்குக் கடையில் வரிசையில் நின்றவர்கள் அழுதுகொண்டு நின்றவர்கள், தம்பி. அவர்கள் கையில் இருந்த காசை விற்பனை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மணி அடித்துவிட்டீர்கள், அய்யா. ‘தி ஷோ மஸ்ட் கோ ஆன்’ அந்த அக்டோபரில் இங்கிலாந்துப் பட்டியலில் 16-ஆம் இடத்துக்குமேல் ஏறவில்லை. தீர்ப்பு சொல்வதற்கு முன் அந்தப் பாட்டை ஒருமுறை கேளுங்கள், அப்புறம் எங்களைத் தோற்கடியுங்கள். நன்றி, வணக்கம்.