ராட்மெல் கிராமத்து வீடு

நேயர்களுக்கு வணக்கம்.

இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் பகுதியில், லூயிஸ் நகரத்துக்குப் பக்கத்தில் ராட்மெல் என்றொரு சின்னக் கிராமம். ஒரு பக்கம் புல் போர்த்திய சுண்ணாம்புக் குன்றுகள், மறுபக்கம் ஊஸ் ஆறு. நாவலாசிரியை வர்ஜீனியா வுல்ஃப் கடைசியாக வாழ்ந்த ஊர். பெயரைச் சொன்னதும் பலருக்கு அந்த ஆறுதான் நினைவுக்கு வரும். 1941 மார்ச் 28 அன்று அவர் உயிர் பிரிந்தது அதில்தான். இருபது வருஷத்துக்கும் மேலாக ஓர் ஊரோடு ஒட்டி வாழ்ந்தவரை அந்த ஒரு நாளை வைத்தே பேசுவது எனக்கு வருத்தம் தருகிறது. அதனால் இன்று அவர் வீட்டைப் பற்றிச் சொல்கிறேன்.

வீட்டின் பெயர் மங்க்ஸ் ஹவுஸ். 1919-ல் அவரும் கணவர் லெனார்டும் ஏலத்தில் 700 பவுண்டுக்கு எடுத்தார்கள். அப்போது மின்சாரம் கிடையாது, குழாய்த் தண்ணீர் கிடையாது, குளியலறையும் கிடையாது. 'மிஸஸ் டாலோவே' முதலான புத்தகங்கள் விற்ற காசில்தான் 1926-ல் வெந்நீரும் குளியலறையும் வந்தன. எழுத்து ஒரு வீட்டுக்கு வெந்நீர் கொண்டுவந்ததை நினைத்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்! 1929-ல் அவருக்கென்று கட்டிய அறைக்கு வீட்டுக்குள்ளிருந்து வழி வைக்கவில்லை. மழை பெய்தாலும் தோட்டத்தில் இறங்கித்தான் படுக்கப் போக வேண்டும். எழுதுவதற்குத் தோட்டத்துக் கோடியில் ஒரு மரக் குடில்.

முதலில் கோடையிலும் வார இறுதியிலும் வந்து போனார்கள். 1940-ல் லண்டன் வீடு குண்டுவீச்சில் சேதமானதும் ராட்மெல்லே நிரந்தர வீடானது. ஊர்ப் பெண்கள் சங்கத்துக்கு வர்ஜீனியா பொருளாளர் ஆனார். அவருடைய கடைசி நாவலில் ஒரு கிராமமே கூடி நாடகம் போடுகிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ராட்மெல்தான் கண்ணில் நிற்கும்.

சரி, தோட்டத்துக்கு வருவோம். அது லெனார்டின் உலகம். இவர் நமக்கு அந்நியர் இல்லை. 1904 முதல் 1911 வரை இலங்கையில் அரசு அதிகாரியாக இருந்தவர். முதலில் வேலை பார்த்தது யாழ்ப்பாணக் கச்சேரியில், அதாவது அரசு நிர்வாக அலுவலகத்தில். தமிழும் படித்தார். மனைவியின் அஸ்தியை அவர் புதைத்தது இந்தத் தோட்டத்து எல்ம் மரத்தடியில். அதன்பின் 28 வருஷம், 1969-ல் இறக்கும்வரை, அதே வீட்டில்தான் இருந்தார்.

போருக்குச் சற்று முன்பு நடந்த ஒன்றை அவரே எழுதியிருக்கிறார். தோட்டத்தில் ஆப்பிள் மரத்தடியில் ஐரிஸ் கிழங்கு நட்டுக்கொண்டிருக்கிறார். வானொலியில் ஹிட்லர் பேசுகிறார், வாருங்கள் என்று ஜன்னலிலிருந்து வர்ஜீனியா கூப்பிடுகிறார். வரமாட்டேன், ஐரிஸ் நடுகிறேன், அவன் செத்து எவ்வளவோ காலம் கழித்தும் இவை பூக்கும் என்கிறார் லெனார்டு.

1966 மார்ச்சில், அந்த ஊதாப் பூக்களில் சில அதே மரத்தடியில் பூத்திருந்தன.