சாம்பலில் குழி வெட்டி வளர்த்த திராட்சை

நேயர்களுக்கு வணக்கம். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து சுமார் 125 கிலோமீட்டரில், அட்லாண்டிக் கடலில் இருக்கிறது லான்சரோட்டே. ஸ்பெயினைச் சேர்ந்த கனேரித் தீவுகளில் ஒன்று. அங்கே போகிறவர்கள் முதலில் ஓடுவது திமன்ஃபாயா எரிமலைப் பூங்காவுக்கு. ஓடட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். தரையில் பதித்த குழாயில் ஒரு வாளித் தண்ணீரை ஊற்றினால், அடுத்த கணமே நீராவி சீறிக்கொண்டு மேலே பாய்கிறது. குழியில் காய்ந்த முள்செடியைப் போட்டால் தானாகவே பற்றிக்கொள்கிறது. அங்குள்ள உணவகத்தில் பூமிக்குள்ளிருந்து வரும் சூட்டில்தான் இறைச்சி வாட்டுகிறார்கள். ஆனால் எரிமலைப் பாதையில் பேருந்தை விட்டு இறங்க விடமாட்டார்கள்; ஜன்னல் வழியாகப் பார்ப்பதோடு சரி.

இறங்கி நடக்க வேண்டுமென்றால் பக்கத்திலேயே லா ஹேரியா என்ற திராட்சைத் தோட்டப் பகுதி இருக்கிறது. என்னைக் கேட்டால், நேரத்தை அங்கேதான் செலவிட வேண்டும்.

1730 செப்டம்பரில் தொடங்கிய வெடிப்பு 1736 வரை ஓயவில்லை. நல்ல விளைநிலங்களும் பல ஊர்களும் புதைந்துபோயின. இனி பிழைக்க வழியில்லை என்று எத்தனையோ பேர் தீவை விட்டே போய்விட்டார்கள். இருந்தவர்கள் கவனித்தது ஒன்றுதான்: மேலே கிடந்த கறுப்பு எரிமலைச் சல்லிக்கு அடியில் மண் ஈரமாக இருந்தது. அந்தச் சல்லி இரவுப் பனியை உள்ளே வாங்கிக்கொள்கிறது, பகல் வெயிலில் ஈரம் ஆவியாகாமல் மூடியும் வைக்கிறது. ஆண்டுக்கு 150 மில்லிமீட்டர் அளவே மழை பெய்யும் தீவில் இதைவிட என்ன வேண்டும்?

ஆனால் கொடியின் வேர் பழைய மண்ணைத் தொட்டாக வேண்டுமே. அதற்காகப் புனல் போல அகலமாகக் குழி வெட்டினார்கள். சில இடங்களில் ஆள் உயரத்துக்கும் மேலே. அடியில் ஒரே ஒரு கொடி. காற்று வரும் பக்கம் விளிம்பில், சுண்ணாம்போ சிமெண்டோ இல்லாமல் எரிமலைக் கற்களை அடுக்கிப் பிறை வடிவில் ஒரு குட்டைச் சுவர். குழிக்குள் இறங்கினால் சல்லி சரசரவென்று சரிந்து கணுக்கால் வரை ஏறிவிடும். கொடிக்குப் பந்தல் கிடையாது, தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கும். இதில் எந்த இயந்திரத்தை இறக்குவது? அறுவடைக்குக் குழி குழியாக ஆள்தான் இறங்கி ஏற வேண்டும், அதுவும் கோடை உச்சத்தில். ஒயின் பாட்டிலின் விலையைப் பார்த்து முகம் சுளிக்கும் முன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

விளைவது பெரும்பாலும் மால்வசியா என்ற வெள்ளைத் திராட்சை. ஒயின் ஆலைகளில் மூத்தது 1775-இல் தொடங்கிய எல் கிரிஃபோ. பழைய செக்குகளையும் பீப்பாய்களையும் வைத்து ஒரு அருங்காட்சியகமும் நடத்துகிறார்கள். குடிக்காதவர்களும் தாராளமாகப் போகலாம்.

இந்தத் தீவில் வானுயர விடுதிகள் அதிகம் இல்லாததற்குக் கலைஞர் செசார் மன்ரீக்கே முக்கியக் காரணம். 1992-இல் மறையும்வரை அதற்காக மல்லுக்கட்டினார். எரிமலைக் குழம்பில் உண்டான குமிழிகளுக்குள்ளேயே வீடு கட்டி வாழ்ந்த மனிதர். வயல்களில் பரப்பச் சல்லி தோண்டி எடுத்த ஒரு பள்ளத்தை 1990-இல் கள்ளித் தோட்டமாக மாற்றினார். அதைச் சுற்றியுள்ள குவத்திசா கிராமத்து வயல்களிலும் கள்ளிதான்: அதில் ஒட்டி வாழும் பூச்சியிலிருந்து சிவப்புச் சாயம் எடுப்பார்கள். செயற்கைச் சாயம் வந்து அந்தத் தொழிலைப் படுக்க வைத்துவிட்டது.

அப்புறம் கைவினை. தெகீசேயில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தை பெரியது, கூட்டமும் அதிகம். ஆனால் அங்கே விற்பதெல்லாம் உள்ளூர்ச் சரக்கு என்று நம்பிவிட வேண்டாம். அந்த ஊரின் உண்மையான பெருமை தீம்ப்ளே என்ற சின்னஞ்சிறு நரம்பு வாத்தியம். பழைய மாளிகை ஒன்றில் அதற்கென்றே ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஓலைக்கூடை வாங்குவதானால் ஈச்சை இனத்து மரங்கள் நிறைந்த அரியா பள்ளத்தாக்குக்குச் சனிக்கிழமை காலையில் போங்கள். சந்தை சின்னதுதான், செய்தவரிடமே பேசி வாங்கலாம். மதியத்துக்குள் கடையைக் கட்டிவிடுவார்கள், அதனால் சீக்கிரமே கிளம்பிவிடுங்கள். வணக்கம்.